பாதி பழசு, பாதி புதுசு

1974-இல் சென்னையில் ஒரு அச்சுத் தொழில் நிறுவனத்தில் கேமரா ரூமில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆள் உயரப் பெரிய கேமரா, கண்ணைக் கூசும் ஆர்க் விளக்கு, இருட்டறை, டெவலப்பர் வாசனை. இதுதான் என் உலகம். கம்ப்யூட்டர் வந்து கேமராவை மூலையில் உட்கார வைத்தபோது கூட இருந்தவர்கள் சிலர் வேலையை விட்டுப் போனார்கள். நான் போகவில்லை. புதிய பெட்டியைத் தொட்டுப் பார்த்துப் பழகிக்கொண்டேன். 2007-இல் ஓய்வு பெறும் வரை கடைசிப் பத்து வருடம் என் பொறுப்பில் இருந்தது ஃபைல் சர்வர்.

ஃபைல் சர்வர் என்றால் நம் வயதுக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சினிமாக் கொட்டகை சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகம் இருக்கிறதா? சைக்கிளை விட்டால் டோக்கன் தருவார்கள். டோக்கனைக் காட்டினால் சைக்கிள் வரும். சர்வரும் அப்படித்தான். ஆர்ட்டிஸ்டுகள் பத்துப் பேர் பத்து கம்ப்யூட்டரில் வேலை செய்வார்கள். முடித்த படத்தைச் சர்வரில் ஒரு பெயர் கொடுத்து விடுவார்கள். வேறு ஆளுக்கு வேண்டுமானால் அந்தப் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்வார். பெயர்தான் டோக்கன். ஸ்டாண்டுக்காரன் நான்.

எங்கள் வேலை, படத்தைத் தயார் செய்து கொடுப்பது. அச்சடிப்பது பெரும்பாலும் சிவகாசியில். முக்கியமாகக் காலண்டர். அங்கே ஆடிப்பெருக்கு அன்றே அடுத்த வருட காலண்டர் ஆல்பம் வந்துவிடும். அதற்குப் பிறகு மார்கழி வரை ராப்பகல் பார்க்காத வேலை.

ஒரு காலண்டர் படம் எவ்வளவு கனம் என்று சொன்னால்தான் மீதிக் கதை புரியும். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். 20 அங்குல அகலம், 30 அங்குல உயரம் உள்ள முழுத் தாள். ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி. அப்படியென்றால் அகலத்தில் 6,000 புள்ளி, உயரத்தில் 9,000 வரிசை. மொத்தம் 5 கோடியே 40 லட்சம் புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நாலு மையின் அளவைக் குறிக்க நாலு பைட். ஆக 21 கோடியே 60 லட்சம் பைட். ஒரே ஒரு லட்சுமி படத்துக்கு இவ்வளவு!

இதை ஃப்ளாப்பியில் கொண்டுபோக வேண்டுமானால் 147 ஃப்ளாப்பி வேண்டும். ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தாலும் போச்சு. 100 மெகாபைட் பிடிக்கும் ஜிப் டிஸ்க் வந்தபோது பெருமூச்சு விட்டோம். பிறகு சி.டி. வந்தது. ஒரு சி.டி.யில் இப்படிப்பட்ட படம் மூன்று அடங்கும். எங்கள் ஆபீஸ் பையன் சாயங்காலம் எழும்பூர் போய் ஆம்னி பஸ் டிரைவரிடம் கவரைக் கொடுப்பான். காலையில் சிவகாசியில் ஆள் நின்று வாங்கிக்கொள்வார்.

பஸ்ஸைக் கேவலமாக நினைக்காதீர்கள். பத்து சி.டி. ஒரு கவரில் வைத்தால் 6,500 மெகாபைட். பன்னிரண்டு மணி நேரப் பயணம் என்று வைத்தால் விநாடிக்குச் சுமார் 150 கிலோபைட் போகிறது. அன்றைக்கு எந்த டெலிபோன் லைனும் அந்த வேகத்துக்குக் கிட்ட வராது. பஸ்ஸின் குறை வேறு. ராத்திரி எட்டு மணிக்கு பஸ் கிளம்பிவிட்டால் எட்டே காலுக்கு வரும் கரெக்ஷனுக்கு அது திரும்பி வராது. அடுத்த பஸ் அடுத்த நாள்தான். காலண்டர் வேலையில் கரெக்ஷன் எட்டே காலுக்குத்தான் வரும்!

அதனால் எங்கள் முதலாளி ஐ.எஸ்.டி.என். லைன் வாங்கினார். சிவகாசி அச்சகத்திலும் வாங்கினார்கள். விளம்பரத்தில் 128 என்று போட்டிருந்தது. 128 என்றதும் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். நான் அவரிடம், “சார், இது பிட் கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எட்டால் வகுத்தால் விநாடிக்கு 16 கிலோபைட். கைக்குக் கிடைப்பது 15” என்றேன். அவர் முகம் சுருங்கியது. நம் பிள்ளைகள் வீட்டில் வாங்கியிருக்கும் இன்றைய இணைப்புக்கும் இதே வகுத்தல்தான். 100 என்று போட்டிருந்தால் கைக்கு வருவது சுமார் 12.

விநாடிக்கு 15 என்றால் ஒரு லட்சுமி படம் போய்ச் சேர நாலு மணி நேரம். எஸ்.டி.டி. பில்லை நினைத்துப் பாருங்கள். ஆனால் ராத்திரி 11 மணிக்கு மேல் கால் கட்டணம். ஊரில் இருக்கும் மகளோடு பேச பி.சி.ஓ. வாசலில் 11 மணிக்குக் காத்து நின்றவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாங்கள் பேச்சுக்குப் பதிலாகப் படத்தை அனுப்பினோம். பகலில் வேலை முடித்துச் சர்வரில் வைத்துவிடுவோம். ராத்திரி 11 மணி அடித்ததும் சிவகாசிக் கம்ப்யூட்டர் எங்கள் சர்வரை டெலிபோனில் கூப்பிட்டு எடுக்க ஆரம்பிக்கும். விடியற்காலை ஆறுக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

இந்தப் போக்குவரத்துக்கு எஃப்.டி.பி. என்று பெயர். இதற்கு முதன்முதலில் விதி எழுதியவர் நம் நாட்டுக்காரர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்த அபய் பூஷண். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரலில் எழுதினார். நான் கேமரா ரூமுக்குள் நுழைவதற்கு மூன்று வருடம் முன்பே! பிற்பாடு வந்த மென்பொருள்களில் ஒரு நல்ல வசதி இருந்தது. பாதியில் லைன் அறுந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். “என்னிடம் இவ்வளவு பைட் வந்துவிட்டது, அதற்கு மேல் உள்ளதைக் கொடு” என்று கேட்டு வாங்கிக்கொள்ளும். நடு ராத்திரியில் மழை பெய்து லைன் அறுந்துபோன நாட்களில் அது எங்களுக்குத் தெய்வம் மாதிரி. அந்தத் தெய்வம்தான் 2001 நவம்பரில் ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

எங்களிடம் ஒரு ஆர்ட்டிஸ்ட் பெண் இருந்தாள். வயது 24 இருக்கும். வட சென்னையிலிருந்து ரயிலில் வருவாள். தம்பி பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான், அவன் ஃபீஸ் இவள் சம்பளத்தில். சாமி முகத்துக்குக் கலர் போடுவதில் அவளுக்கு ஈடு அங்கே யாரும் இல்லை. சீசன் நேரத்தில் ராத்திரி வேலைக்கும் முகம் சுளிக்காமல் இருப்பாள்.

ஒரு நகைக்கடைக்கு 25,000 காலண்டர். மேலே கடைப் பெயர், அதற்கு அடியில் கடையை ஆரம்பித்த பெரியவர் பெயர், நடுவில் லட்சுமி, கீழே கிளைகளின் விலாசமும் போன் நம்பரும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாகச் சாயங்காலமே சர்வரில் வைத்தாயிற்று. ராத்திரி 11 மணிக்குச் சிவகாசி எடுக்க ஆரம்பித்தது. கடைக்காரர் கடையடைத்து வீட்டுக்குப் போய் நிதானமாகப் பிரிண்ட் அவுட்டைப் பார்த்திருக்கிறார். பதினொன்றரைக்கு ஃபேக்ஸ். மூன்று கரெக்ஷன். ஒன்று, மேலே பெரியவர் பெயரில் இனிஷியல் தப்பு. இரண்டு, படம் முழுக்க மஞ்சள் தூக்கலாக இருக்கிறது, ஒரு துளி குறைக்கவும். மூன்று, கீழே ஒரு கிளையின் போன் நம்பர் மாற்றம்.

அந்தப் பெண் உட்கார்ந்து மூன்றையும் செய்து, ஒன்று ஐம்பதுக்கு அதே பெயரில் சர்வரில் வைத்தாள். வேலை அட்டையில் ஒரு பெயர்தான் எழுதியிருக்கும், அந்தப் பெயரில்தான் வைக்க வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். வைத்துவிட்டுச் சிவகாசிக்குப் போனும் செய்தாள். “அண்ணே, கரெக்ஷன் பண்ணி அதே பேர்ல வச்சிருக்கேன். புதுசை எடுத்துக்குங்க.” அந்தப் பக்கம் நைட் டூட்டிப் பையன் சரி என்றான். சற்று நேரம் கழித்துக் கம்ப்யூட்டரைப் பார்த்தான். ஃபைல் வந்துகொண்டிருந்தது. புதுசுதான் வருகிறது என்று மெஷினைக் கவனிக்கப் போய்விட்டான்.

நாலு நாள் கழித்து அச்சான காலண்டர் கட்டு வந்தது. கீழே போன் நம்பர் சரியாக இருந்தது. மேலே பெரியவர் இனிஷியல் பழைய தப்போடு அப்படியே இருந்தது. 25,000 தாளும் அச்சாகிவிட்டது.

கடைக்காரர் கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும். “எங்க அப்பா பேரையே தப்பாப் போட்டு ஊருக்கெல்லாம் கொடுக்கச் சொல்றீங்களா?” அவர் கோபம் நியாயம். முதலாளி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். அவள் தன் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். அதில் மூன்று கரெக்ஷனும் இருந்தது. சர்வரில் இருந்த ஃபைலிலும் இருந்தது. ஆனால் மானேஜர், “மாட்டிக்கிட்ட பிறகு திருத்தி வச்சிருப்பா. போன் நம்பர் மாறியிருக்குன்னா போனது திருத்தின ஃபைல்தானே? அப்போ இனிஷியல் மட்டும் எப்படி மாறாமப் போகும்? தூக்கக் கலக்கத்துல அதை விட்டிருக்கா” என்றார். கேட்பவர்களுக்கு அது சரியாகத்தான் பட்டது. சிவகாசி அச்சகமும், “எங்களுக்கு வந்த ஃபைல் அளவு உங்க சர்வர்ல உள்ள அளவோட பைட் பிசகாம ஒத்துப்போகுது” என்றது. அதுவும் உண்மை.

நாளையிலிருந்து வர வேண்டாம், காகித நஷ்டத்தைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அழவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “நான் மாத்தினேன் சார்” என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை. மானேஜர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. கீழே மாறி மேலே மாறாமல் எப்படிப் போகும்? மனுஷி மறந்தால் அப்படி ஆகலாம். வேறு எப்படி ஆகலாம்?

சர்வர் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதும். யார் வந்தார், எந்த ஃபைலை எடுத்தார், எத்தனை மணிக்கு, எத்தனை பைட், முழுசா அரைகுறையா என்று ஒவ்வொரு வரியாக எழுதி வைக்கும். ஸ்டாண்டுக்காரன் நோட்டு. அந்த ராத்திரிப் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பெயருக்கு இரண்டு வரி இருந்தது. முதல் வரி, 11 மணிக்கு ஆரம்பித்து ஒன்று இருபத்தைந்துக்கு அறுந்தது, அரைகுறை. இரண்டாவது வரி, இரண்டு பத்துக்கு ஆரம்பித்து மூன்றே முக்காலுக்கு முடிந்தது. ஆனால் இரண்டாவது தடவை போனது 8 கோடியே 64 லட்சத்துச் சொச்சம் பைட்தான். முழு ஃபைல் 21 கோடியே 60 லட்சம் ஆயிற்றே!

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. ஒன்று இருபத்தைந்துக்கு லைன் அறுந்தபோது சிவகாசியில் பழைய ஃபைலின் முதல் 12 கோடியே 96 லட்சம் பைட் இருந்தது. ஒன்று ஐம்பதுக்கு இங்கே அந்தப் பெண் அதே டோக்கனில் புதுச் சைக்கிளை நிறுத்திவிட்டாள். இரண்டு பத்துக்குச் சிவகாசி மென்பொருள் தானே மறுபடி டயல் செய்து, “இத்தனை வந்துவிட்டது, மிச்சத்தைக் கொடு” என்று கேட்டது. சர்வர் மிச்சத்தைக் கொடுத்தது. ஆனால் கொடுத்தது புது ஃபைலின் மிச்சம். பழைய சைக்கிளின் முன் சக்கரம், புதுச் சைக்கிளின் பின் சக்கரம்! தாள் அளவு மாறவில்லை, அதனால் மொத்த பைட்டும் மாறவில்லை. அளவு ஒத்துப்போனதற்குக் காரணம் அதுதான். படமும் ஒரு தடங்கல் இல்லாமல் திறந்துகொண்டது.

ஆனால் இது என் ஊகம். முதலாளி ஊகத்துக்கு மசிகிறவர் அல்ல. நோட்டில் வரும் எண்களை அவர் நம்புவார் என்றும் தோன்றவில்லை. கையில் பிடித்துக் காட்ட ஏதாவது வேண்டும்.

யோசித்துக்கொண்டே இருந்தவனுக்குப் பழைய கேமரா ரூம் புத்தி வந்தது. படம் ஃபைலில் மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறது. ஒரு வரிசைக்கு 6,000 புள்ளி, புள்ளிக்கு நாலு பைட், ஆக 24,000 பைட். 12 கோடியே 96 லட்சத்தை 24,000-ஆல் வகுத்தால் 5,400 வரிசை. அங்குலத்துக்கு 300 வரிசை. 5,400-ஐ 300-ஆல் வகுத்தால் 18. அப்படியானால் அச்சான தாளில் மேலிருந்து சரியாக 18-ஆவது அங்குலத்தில் பழசு முடிந்து புதுசு ஆரம்பிக்க வேண்டும். இரண்டாவது கரெக்ஷன் என்ன? படம் முழுக்க மஞ்சள் ஒரு துளி குறைப்பது. ஆகவே 18-ஆவது அங்குலத்துக்கு மேலே மஞ்சள் புள்ளி கொஞ்சம் பெரிதாகவும் கீழே கொஞ்சம் சிறிதாகவும் இருக்க வேண்டும்.

ஒரு காலண்டரை மேஜையில் விரித்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஓரத்தில் வெட்டிலே போன அளவைச் சேர்த்துக் கணக்கிட்டு, இரும்பு ஸ்கேலை வைத்து 18-இல் பென்சிலால் குறித்தேன். லென்ஸை வைத்துப் பார்த்தேன். லட்சுமியின் பின்னால் இருந்த வெளிர் நிறத்தில், பென்சில் குறிக்கு ஒரு மயிரிழை தள்ளி, நேர்கோடாக மஞ்சள் புள்ளிகள் சிறுத்திருந்தன. இடமிருந்து வலம் வரை தாளின் குறுக்கே அந்தக் கோடு ஓடியது. எந்த ஆர்ட்டிஸ்டும் தூக்கக் கலக்கத்தில் அப்படி ஒரு கோடு போட முடியாது.

காலையில் முதலாளி வந்ததும் தாளையும் லென்ஸையும் முன்னால் வைத்தேன். முதலில் ஒன்றும் சொல்லாமல் கணக்கை மட்டும் எழுதிக் காட்டினேன். “18-ல இருக்கணும் சார். நீங்களே அளந்து பாருங்க.” அவரும் பழைய அச்சகக்காரர், லென்ஸ் பிடித்த கை. அளந்தார். பார்த்தார். மறுபடி பார்த்தார். மானேஜரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கரெக்ஷனுக்கு முன்பே டேப்பில் எடுத்து வைத்திருந்த பழைய ஃபைலையும் திறந்து, மேலே 18 அங்குலம் பழசு, கீழே 12 அங்குலம் புதுசு என்று ஒட்டிக் காட்டினேன். அச்சான காலண்டர் அப்படியே திரையில் நின்றது.

“கணக்கு சரியாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணை வரச் சொல்லுங்க” என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை. மறு அச்சுச் செலவை எங்கள் நிறுவனமும் சிவகாசி அச்சகமும் பாதிப் பாதி போட்டுக்கொண்டார்கள். அவள் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடிக்கவில்லை.

அவள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் செய்து வரவழைத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு கேட்டாள், “சார், நான் சொன்னப்பவே நம்பினீங்களா, இல்ல கணக்குப் போட்ட பிறகு நம்பினீங்களா?”

“நம்பாம இருந்தா நோட்டையே திறந்திருக்க மாட்டேனேம்மா” என்றேன். அது உண்மை. ஆனால் அவள் அப்படிக் கேட்டது இன்றுவரை என் மனசில் நிற்கிறது. நாலு வருடம் ஒழுங்காக வேலை செய்த பெண்ணின் சொல் போதவில்லை. ஒரு மயிரிழைக் கோடு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கோடு 18-இல் விழாமல், வெறும் வெள்ளைப் பகுதியில் விழுந்திருந்தால்? லைன் இன்னும் பதினைந்து நிமிடம் கழித்து அறுந்திருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும். நோட்டில் உள்ள எண்கள் இருந்திருக்கும், ஆனால் அவர்கள் நம்பியிருப்பார்களா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று வழக்கம் வைத்துக்கொண்டோம். முதலாவது, ஒவ்வொரு கரெக்ஷனுக்கும் புதுப் பெயர். பெயரோடு தேதியும் ஒன்று, இரண்டு என்று எண்ணும். ஒரு டோக்கனுக்கு ஒரு சைக்கிள்தான். இரண்டாவது, அளவு ஒத்துப்போனால் மட்டும் போதாது. எம்.டி.5 என்று ஒரு கணக்கு உண்டு. எம்.ஐ.டி. பேராசிரியர் ரொனால்ட் ரிவெஸ்ட் 1991-இல் வகுத்தது. எவ்வளவு பெரிய ஃபைலையும் அரைத்து 32 எழுத்தில் ஒரு ரேகை கொடுக்கும். ஃபைலில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். சென்னையில் ஒரு தடவை, சிவகாசியில் ஒரு தடவை எடுத்து, போனில் கடைசி ஆறு எழுத்தைப் படித்துச் சரி பார்ப்போம். மூன்றாவது, அந்த ஆறு எழுத்து ஒத்துப்போகாமல் பிளேட் போடக் கூடாது. அந்தச் சீசன் முழுக்க நடு ராத்திரியில் அந்தப் பெண்ணும் சிவகாசிப் பையனும் போனில் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொள்வதைக் கேட்டால் ஏதோ மந்திரம் ஓதுகிற மாதிரி இருக்கும்.

அவள் அதற்குப் பிறகு ஐந்து வருடம் எங்களோடு இருந்தாள். தம்பி படித்து முடித்தான். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள்.

உங்களில் பலரும் இப்போது பத்திரம், பட்டா, மெடிக்கல் ரிப்போர்ட் என்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிள்ளைகளுக்கு அனுப்புகிறீர்கள். திருத்திய பத்திரத்தைப் பழைய பெயரிலேயே வைக்காதீர்கள், தேதி போட்டுப் புதுப் பெயர் கொடுங்கள். கல்யாண வீடியோவை அனுப்பிவிட்டோம் என்று உடனே இங்கிருந்து அழித்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் வாங்கினவர் முதல், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் ஓட்டிப் பார்த்து, சரி என்று வாயால் சொல்லட்டும். அதுவரை உங்கள் பிரதி உங்களிடமே இருக்கட்டும்.